பூங்காவனம், வயது நான்கு

இரும்புலியூர்
12.6.1989

அன்புள்ள தம்பி தேவானந்தத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் போக மறுக்கிறது. டெல்லி வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கீழ்க்கட்டளைக் குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த ஹாலந்துக்காரர்கள் வருகிற மார்ச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'இனி உங்கள் மக்களே உங்களைத் தாங்கட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த 'உங்கள் மக்கள்' எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை.

நீ அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாய். கல்குவாரி, பக்கத்தில் நம் ஓலை ஷெட். ஷெட் வருவதற்கு முன்னால் கல்லுடைக்கும் பெண்கள் பிள்ளைகளைப் புடவைத் துணியால் வேப்பமரத்தில் கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். கட்டு அவிழ்ந்து போன ஒரு பையனைக் குழித் தண்ணீரிலிருந்துதான் எடுத்தார்கள். அந்தக் கல்லில்தான் மெட்ராஸில் மாடிமேல் மாடி எழும்புகிறது. மாடியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். ஷெட்டை மூடினால் நாற்பது பிள்ளைகளும் மறுபடி குழி விளிம்புக்குத்தான்.

எங்கள் கமிட்டித் தலைவர் துரைராஜ் சார், "ஜெபிப்போம்" என்கிறார். அவர் ஜெபிக்கட்டும், பருப்புக்கு நான் போகிறேன் என்று கிளம்பினேன். தாம்பரத்தில் ஒரு நகைக்கடை. வெள்ளிக்கிழமை போனேன், "வெள்ளிக்கிழமை காசு வெளியே தரமாட்டோம்" என்றார்கள். சனிக்கிழமை போனால் முதலாளி இல்லை. திங்கட்கிழமை காலையில் போனால், "இன்னும் போணியே ஆகல, அதுக்குள்ள நன்கொடையா?" என்று வாட்ச்மேனை விட்டு விரட்டினார்கள். சாயங்காலம் போனேன். விளக்கு வைத்த பிறகு கொடுக்கக்கூடாதாம்.

நீ அங்கே தரும நிறுவனத்தில் நன்கொடை கேட்பதையே உத்தியோகமாக வைத்திருக்கிறவன். எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்.

உன் அக்கா,
தபீதாள்


புது டெல்லி
26.6.1989

அன்புள்ள அக்கா,

நான் நலம். இங்கே காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல வருகிறது. அப்பாவைக் கால் நீட்டி உட்காரச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து ஆபீசிலேயே சிரித்துவிட்டேன். நீ போனதில் தப்பில்லை, போன இடம் தப்பு. முன்பின் தெரியாத பணக்காரனைவிட, உன் முகம் தெரிந்த நடுத்தரக்காரன் மேல். நீங்கள் வாடிக்கையாக எங்கே சாமான் வாங்குகிறீர்களோ அங்கே போ. 'உதவி செய்யுங்கள்' என்று மொட்டையாகக் கேட்காதே. அது கடல் மாதிரி, எவனும் இறங்க மாட்டான். ஒரு மாதத்துக்கு ஒரு சாமான் என்று கேள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொள். இதுதான் ரொம்பக் கஷ்டம், உனக்கு இன்னும் கஷ்டம். நாம் பேசிக்கொண்டே இருந்தால் எதிராளிக்கு நழுவ வழி நாமே காட்டிக்கொடுக்கிறோம்.

கொடுத்தால் அந்த வாரத்துக்குள் நன்றி சொல். கொடுக்காவிட்டாலும் சொல். முடிந்தால் அவரை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு. இன்னொன்று, பெரிய இடத்துக்குப் போகும்போது பிள்ளைகளின் தாய் ஒருத்தியைக் கூட அழைத்துப் போ. நீ அரைமணி நேரம் பேசுவதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

ஒரு பிள்ளையின் போட்டோ அனுப்பு. இங்கே யாருக்காவது காட்டிப் பார்க்கிறேன். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். சிரிக்காமல் இருந்தால் நல்லது.

அன்புத் தம்பி,
தேவானந்தம்


இரும்புலியூர்
23.7.1989

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அப்பா கால் நீட்டி உட்கார்ந்தார், இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

தாம்பரம் மார்க்கெட்டில் நாங்கள் மளிகை வாங்கும் மைதீன் பிச்சை பாய் கடைக்குப் போனேன். "பாய், பிள்ளைங்களுக்கு ஒரு மாசத்துக்குக் கொண்டைக்கடலை நீங்க தரணும்" என்றேன். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். ஒருவர் வந்து துவரம்பருப்பு வாங்கிப் போனார். இன்னொருவர் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பாய் பயந்துபோய், "ஏம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா? சோடா வாங்கியாரச் சொல்லவா?" என்றார்.

"இல்ல பாய். நீங்க பதில் சொல்றதுக்காகக் காத்திருக்கேன்."

"நல்லா காத்திருந்தே போ. நான் வேற எதோன்னு பதறிட்டேன்." சிரித்தார். "கடலை தாரேன். ஆனா எங்கே போகுதுன்னு ஒரு தடவை பார்த்துடுவேன்."

ஜும்மா தொழுகை முடிந்து மொபெட்டில் வந்தார். வெள்ளைச் சட்டையில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் மூக்கைத் துடைத்தார்கள். போகும்போது, "கடலையோட வெல்லமும் போட்டுக் கொடும்மா" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். தம்பி, உன் வித்தை பலிக்கிறது.

போட்டோ இதற்குள் இருக்கிறது. பல்லாவரம் ஸ்டுடியோ ரவி காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். கேமராவைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைகளும் பல்லைக் காட்டினார்கள். நாலு வயதுப் பூங்காவனம் மட்டும் கண்ணில் நீரோடு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவளுடைய கடலைமிட்டாயைப் பக்கத்துப் பையன் பிடுங்கித் தின்றுவிட்டான். பக்கத்தில் நின்று அவள் தோளில் கைபோட்டுச் சமாதானம் செய்வது அவளுடைய அம்மா அம்மணி. ரவி தள்ளி நிற்கச் சொல்லியும் அவள் கை படத்துக்குள் வந்துவிட்டது. குவாரியிலேயே வாய் நீளமானவள் அவள்தான்.

அக்கா,
தபீதாள்


புது டெல்லி
14.8.1989

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

சபாஷ். இனி பாயிடம் அடுத்த மாதம் எதுவும் கேட்காதே. முதலில் அவர் கடலை என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியட்டும். கேட்கும்போது மட்டும் வருகிறவர்களை எல்லோருக்கும் அலுத்துவிடும். ஒரு தபால் கார்டு போதும். அச்சடித்த நன்றி வேண்டாம், அதை எவனும் படிப்பதில்லை. நாங்களே இங்கே ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

போட்டோ நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது.

தம்பி,
தேவா


இரும்புலியூர்
30.9.1989

அன்புள்ள தம்பிக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. நாங்கள் சுகம், ஷெட்டுக்குத்தான் சுகமில்லை; ஒழுகுகிறது.

பாய்க்குத் தபால் கார்டு போட்டோம். எழுதத் தெரியாத பிள்ளைகள் என்ன எழுதும்? சமையல் செய்யும் அங்காளம்மாள் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் கட்டைவிரலையும் அதில் தோய்த்து கார்டில் ஒரு அச்சு வைத்தோம். அதற்குக் கீழே 'கடலை தின்ற கைகள்' என்று நான் எழுதினேன். பாய் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டார். எதிர்க்கடை எண்ணெய் வியாபாரி கேட்டாராம், "அவருக்கு மட்டும் கார்டு, நாங்க என்ன பாவம் பண்ணோம்?" இப்போது அவர் எண்ணெய் தருகிறார். அவரைப் பார்த்துக் காய்கறிக்காரர். கார்டுக்காகப் போட்டி நடக்கிறது தம்பி, தாம்பரம் மார்க்கெட்டில்! அந்த நகைக்கடைக்காரருக்கும் ஒரு கார்டு அனுப்பினேன்: 'உங்கள் கடையைப் பார்க்க நான்கு தடவை வாய்ப்பளித்ததற்கு நன்றி.' பதிலில்லை.

ஆனால் அரிசியும் ஆயாக்கள் சம்பளமும் சில்லறைக் கடைகளால் ஆகாது. குரோம்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி இருக்கிறது. அதன் மேனேஜர் குப்புராஜ் ஒரு வருட மதியச் சாப்பாட்டுக்கு டைரக்டர்களிடம் பேசுவதாகச் சொல்கிறார். ஜனவரியில் வரச் சொன்னார். அது கிடைத்தால் மார்ச்சுக்குப் பிறகும் ஷெட் இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் போட்டோவை யாரிடமாவது காட்டினாயா? என்ன சொன்னார்கள்?

அக்கா,
தபீதாள்


புது டெல்லி
2.11.1989

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம். வருடக் கடைசி எங்களுக்கு அறுவடைக் காலம், மூச்சு விட நேரமில்லை. குளிர் தொடங்கிவிட்டது. அம்மா அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துபோயிற்று என்று சொல். அப்பாவின் காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, அனுப்புகிறேன்.

பீட்ரூட் யோசனை பிரமாதம். குப்புராஜிடம் போகும்போது தாயை அழைத்துப் போக மறக்காதே.

வேறு விசேஷமில்லை.

தம்பி,
தேவா


இரும்புலியூர்
11.1.1990

தேவானந்தம்,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. அப்பா அம்மா நன்றாக இருக்கிறார்கள், அது போதும்.

நேற்று குப்புராஜைப் பார்க்கப் போனோம். நீ சொன்னபடி ஒரு தாயை அழைத்துப் போனேன். அம்மணி. இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தாள். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அம்மணி எழுந்து அவர் முதுகுப்பக்கச் சுவருக்குப் போய்விட்டாள்.

"டீச்சர், இங்க பாரு! நம்ம பூங்கா இங்க கீது!"

புதுவருடக் காலண்டர். உங்கள் நிறுவனத்துக் காலண்டர். அந்தக் கம்பெனி வருடாவருடம் உங்களுக்கு நன்கொடை அனுப்புகிறதாம். ஜனவரித் தாள் முழுக்கப் பூங்காவனத்தின் முகம், கண்ணில் கடலைமிட்டாய்க் கண்ணீர்.

"இந்தக் குழந்தையைத் தெரியுமா உங்களுக்கு?" என்றார் மேனேஜர்.

"தெரிமாவா? நான் பெத்த பொண்ணு சார் இது!" அவளுக்கு என்ன பெருமை என்கிறாய். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கீழ இன்னாவோ இங்கிலீஸ்ல எய்திகீதே, இன்னா டீச்சர் அது?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. படித்தேன். 'பூங்காவனம், வயது நான்கு. இவளுக்கு இந்த உலகில் யாரும் இல்லை. உங்களைத் தவிர.'

மேனேஜர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார்.

"யாரும் இல்லியா?" என்றாள் அம்மணி. "அப்ப நான் யாரு? செத்தா பூட்டேன்?" பிறகு படத்துக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "தோள் மேல எங் கை இருந்துச்சே டீச்சர். எங் கை எங்க பூட்ச்சி?"

கையை வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் சாம்பல் நிறம் பூசியிருந்தது.

குப்புராஜ் ஃபைலை மூடினார். "மேடம், ஒண்ணு இந்தக் காலண்டர் பொய் சொல்லுது, இல்லேன்னா நீங்க சொல்றீங்க. எது பொய்னு தெரியாம நான் டைரக்டர்ஸ் முன்னால போய் நிக்க முடியாது. நாங்க ரெண்டு பக்கமும் ஏமாறத் தயாரா இல்லை." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் ஏமாந்தவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் செத்ததுக்கு எவ்ளோ வசூலாச்சாம் டீச்சர்?"

நீ பதில் சொல். தினமும் கல்லுடைத்து, கையில் ரத்தக்கட்டோடு பிள்ளை வளர்க்கிற தாய் உயிரோடு இருந்தால் உங்கள் ஊரில் அவளுக்கு மதிப்பில்லை. அவளைச் சாகடித்தால்தான் செக் வருகிறதா? கொடுக்கிறவன் மனம் இளகுவதற்காக வாங்குகிறவளைக் கொல்வதற்குப் பெயர் தருமமா?

போட்டோ என்ன ஆயிற்று என்று செப்டம்பரில் கேட்டேன். நீ ஊறுகாயைப் பற்றி எழுதினாய்.

தபீதாள்


புது டெல்லி
27.1.1990

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

நடந்தது வருத்தத்துக்குரியது. இவ்வளவு பெரிய ஆபீசில் போட்டோக்கள் பல கை மாறிப் போகின்றன. லே-அவுட் பிரிவில் இடத்துக்குத் தக்கபடி படம் நறுக்கப்படுவது வழக்கம். வாசகமும் பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவதுபோல எழுதப்படுகிறது. காலண்டர் தமிழ்நாட்டுக்கு, அதுவும் குரோம்பேட்டைக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படவில்லை. இங்கே எல்லா நிறுவனங்களிலும் நடைமுறை இதுதான்.

அம்மணியிடம் வருத்தம் தெரிவிக்கவும்.

தம்பி,
தேவானந்தம்


கீழ்க்கட்டளை
4.2.1990

தேவானந்தம், உன் கடிதத்தை அம்மணிக்குப் படித்துக் காட்டினேன். 'நறுக்கப்படுவது', 'எழுதப்படுகிறது', 'எதிர்பார்க்கப்படவில்லை'. பேய்தான் வந்து செய்துவிட்டுப் போனதுபோல எழுதியிருக்கிறாய். அவள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அவள் சொல்லச்சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லும் என்னுடையதில்லை. தபீதாள்.

டில்லி தம்பிக்கு அம்மணி எய்தறது. நான் உசுரோட கீறேன். அத்த மொதல்ல தெரிஞ்சிக்கோ. எம் பொண்ணும் நல்லா கீது. நீ நல்லா கீறியா? வேளைக்கி சோறு துன்றியா?

எனுக்கு கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். காலண்டர் சேதி கேட்டு எம் புருசன் வியுந்து வியுந்து சிரிக்கறான். "உனுக்கு கருமாதி சோறு போடலியேடி"ன்றான். குவாரில பொம்பளைங்க என்ன பாத்தா, "அடியே பேய் வருது, வெத்தல பாக்கு வெய்யி"ன்னு கேலி பண்ணுதுங்க. ஒரே பேஜாரா கீது. நானும் சிரிச்சிகினுதான் கீறேன். ஆனா பூங்கா கேக்குது, "அம்மா, உனுக்கு கை இல்லியா?"ன்னு. அதுக்கு இன்னா சொல்றது, நீயே சொல்லு.

நீ பண்ணியா, உன் ஆபீசு பண்ச்சா, எனுக்கு அது வாணாம். நீ அந்த ஸ்பிரிங் கம்பெனி மேனேஜருக்கு ஒரு லெட்டர் எய்து. உம் பேரு போட்டு எய்து. 'இந்தப் பொண்ணுக்கு அம்மா கீறா, அவ கையதான் வெட்டனோம்'னு எய்து. யாரு வெட்டனாங்கன்னும் எய்து. அவரு சோறு குடுத்தாதான் ஷெட்டு நிக்கும். ஷெட்டு பூட்ச்சின்னா எம் பொண்ணு மறுபடி மரத்தாண்டதான். அப்ப நீ எய்தனது நெசமாவே ஆயிடும்.

கோவத்துல எய்திட்டேன்னு சோறு துன்னாம இருக்காத.

அம்மணி (இந்தக் கட்டைவிரல் அச்சு அவளுடையது.)


புது டெல்லி
24.2.1990

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

குப்புராஜுக்கு எழுதிவிட்டேன். என் பெயரில், வீட்டு விலாசத்தில். ஒரு நகலை எங்கள் டைரக்டருக்கும் கொடுத்தேன். கொடுக்காமல் அனுப்பியிருந்தால் அதுவும் ஒரு வெட்டுதான் என்று தோன்றியது.

மார்ச் 10-ந் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீண்ட லீவு. ஊரில் வெயில் ஆரம்பித்துவிட்டதா? என் கட்டிலையும் அலமாரியையும் பக்கத்து அறைக்காரர் வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குத் தைலம் கொண்டுவருகிறேன்.

அம்மணியிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

தேவா


இரும்புலியூர்
3.3.1990

அன்புள்ள தம்பி தேவாவுக்கு,

எல்லோரும் ரொம்ப சுகம். அம்மா இப்போதே ஊறுகாய் போடத் தொடங்கிவிட்டாள்.

புதன்கிழமை குப்புராஜ் தாமே ஷெட்டுக்கு வந்தார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அங்காளம்மாளும் குவாரிப் பெண்களும் சுற்றி நிற்க, அதைத் தமிழில் சொன்னார். 'கையை வெட்டச் சொன்னவன் நான். அந்த வரியை எழுதியவனும் நான். அந்தத் தாய் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்' என்ற இடம் வந்ததும் அம்மணி, "அத்த இன்னொரு வாட்டி சொல்லு சார்" என்றாள். சொன்னார். "இன்னொரு வாட்டி." மூன்றாவது தடவை அவளும் கூடவே சொன்னாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

பிறகு அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். உப்புக் கம்மி என்று உண்மையைச் சொன்னார். அங்காளம்மாளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. முதலில் ஆறு மாதச் சாப்பாடு. அதைப் பார்த்துவிட்டு மீதி ஆறு மாதம். டைரக்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆயாக்கள் சம்பளத்தில் பாதிக்கு மார்க்கெட்காரர்கள் மாதாமாதம் தருவதாக மைதீன் பிச்சை பாய் பேசி முடித்திருக்கிறார். மீதிப் பாதிக்கு இன்னும் அலைய வேண்டும். ஆனால் ஏப்ரலில் ஷெட் திறந்திருக்கும். எந்தப் பிள்ளையும் மரத்தடிக்குப் போகாது.

போகும்போது குப்புராஜ் என்னைத் தனியாக அழைத்து, "இப்படி லெட்டர் எழுதினவரை அங்கே வேலையில் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். கட்டிலையும் அலமாரியையும் விற்றுவிட்டு லீவில் வருகிற ஆளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. நீயாகச் சொல்லும்வரை அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கமிட்டி நேற்று கூடியது. வசூல் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று துரைராஜ் சாரே சொன்னார். டெல்லிச் சம்பளத்தில் கால்பங்குகூட எங்களால் முடியாது. ஏர்கண்டிஷன் கிடையாது, ஓலைதான். மழைக்கு ஒழுகும். யோசித்துச் சொல்.

சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துத் தாம்பரம் வந்துவிடு. ஆட்டோக்காரனிடம் ஏமாறாதே.

நீ வருகிறாய் என்று அம்மணியிடம் சொன்னேன். கல்லுடைக்கிற சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "வரட்டும் டீச்சர். பல்லாவரம் சந்தையாண்ட நான் கூட்டினு போறேன். கேக்கறது நானு. அவரு பையப் புடிச்சிகினு பின்னாடி வந்தா போதும். யாருன்னா பூங்காவப் பாத்து, 'யாரு கொயந்த இது'ன்னு கேட்டா மட்டும் அவரு வாயத் தொறக்கணும். என்னக் கைய காட்டி, 'இவங்க கொயந்த'ன்னு சொல்லணும். சந்தைக்கே கேக்கறாப்ல சொல்லணும்."

உன் அன்பு அக்கா,
தபீதாள்